தெவனின் சமானச் சுற்றைச் சோதித்தேன்: இரண்டு வழியில் இரண்டு விடை வருகிறது, எது சரி?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தெவனின் தேற்றத்தை (பேட்டரியும் ரெசிஸ்டர்களும் கொண்ட எந்தச் சுற்றையும், இரண்டு முனையிலிருந்து பார்த்தால், ஒரு மின்னழுத்த மூலமும் அதோடு வரிசையாக ஒரு மின்தடையுமாகச் சுருக்கிவிடலாம் என்பது) வீட்டிலேயே பிரெட்போர்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாக ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

சுற்று இதுதான். 9 வோல்ட் பேட்டரி (சதுர வகை). பிளஸ் முனையிலிருந்து 1 கிலோ ஓம். அது முடியும் சந்திப்பிலிருந்து 2.2 கிலோ ஓம் கீழே மைனஸுக்குப் போகிறது. அதே சந்திப்பிலிருந்து 470 ஓம் வெளியே வருகிறது. அதன் நுனியை 'அ' என்றும், மைனஸ் கம்பியை 'ஆ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லோடு (சுற்றிலிருந்து மின்சாரம் பெறும் பகுதி) இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். 994, 2190, 467 ஓம். எதையும் இணைக்காத பேட்டரி 9.32 வோல்ட். இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால்:

திறந்த முனை மின்னழுத்தம் 6.41 வோல்ட்
ஷார்ட் செய்தால் மின்னோட்டம் 5.57 மில்லியாம்ப்
தெவனின் மின்தடை 1151 ஓம்

மீட்டரில் வந்தது 6.34 வோல்ட், 5.41 மில்லியாம்ப். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1172 ஓம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு கம்பியைச் சொருகி, அ-ஆ நடுவே நேராக ஓம் அளந்தால் 1151. கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது!

ஒரே சுற்றுக்கு ஒரே தெவனின் மின்தடைதானே இருக்க வேண்டும்? 1151-ஆ, 1172-ஆ? ரெக்கார்டு நோட்டில் எதை எழுதுவது?

செம்புக்கம்பி:
ரெசிஸ்டரில் 5 விழுக்காடு வரை முன்பின் இருக்கும் தம்பி. தங்க நிற வளையம் அதைத்தான் சொல்கிறது. உங்கள் வித்தியாசம் 2 விழுக்காடுகூட இல்லை. விட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்குப் போங்கள்.

காவிரிக்கரை:
அண்ணா, அதனால்தான் வளையத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் அளந்து அந்த மதிப்பையே கணக்கில் போட்டேன். அப்படியிருக்க 5 விழுக்காட்டை எப்படிக் காரணம் சொல்ல முடியும்? இன்னொன்று, ரீடிங் மூன்று தடவையும் ஒரே பக்கமாகத்தான் குறைகிறது. ஒரு தடவைகூட மேலே போகவில்லை.

பழைய_டெக்னீசியன்:
தம்பி கேட்பதுதான் சரி. ஒரே பக்கம் சாய்கிற பிழைக்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு. தேடினால் கிடைக்கும்.

இரண்டு விவரம் வேண்டும். அந்தப் பேட்டரி அல்கலைனா, சாதாரண துத்தநாகக் கரிம வகையா? அடுத்தது, சுற்றில் இணைந்திருக்கும்போதே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். அ-ஆ திறந்திருக்கும்போது ஒரு ரீடிங், ஷார்ட் ஆகியிருக்கும்போது ஒரு ரீடிங். ஷார்ட்டை நீண்ட நேரம் வைக்க வேண்டாம், ரீடிங் எடுத்ததும் விட்டுவிடுங்கள்.

மீட்டர் என்ன வகை என்றும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
சாதாரண வகைதான் சார், விலை குறைந்தது. மீட்டர் எல்லோரிடமும் இருக்கும் அந்த மஞ்சள் நிற டிடி-830 மாதிரி. மின்னோட்டத்தை 20 மில்லியாம்ப் ரேஞ்சில் பார்த்தேன்.

பேட்டரி முனைகளில் வோல்ட்:
எதுவும் இணைக்காமல் 9.32
சுற்று இணைத்து, அ-ஆ திறந்து 9.23
சுற்று இணைத்து, அ-ஆ ஷார்ட் 9.12

பேட்டரி இவ்வளவு இறங்கும் என்று நினைக்கவே இல்லை.

மாலதி_டீச்சர்:
காவிரிக்கரை, விடை உங்கள் கையிலேயே வந்துவிட்டது. மெதுவாகப் போகலாம்.

அ-ஆ திறந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 2.90 மில்லியாம்ப் போகிறது. ஷார்ட் செய்தால் 6.61 மில்லியாம்ப் போகும் (467 ஓமும் 2190 ஓமும் அப்போது இணையாக வந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்). மின்னோட்டம் 3.71 மில்லியாம்ப் கூடியபோது பேட்டரி 0.11 வோல்ட் இறங்கியிருக்கிறது. 0.11-ஐ 3.71 மில்லியாம்ப்பால் வகுத்தால் ஏறக்குறைய 30 ஓம். அதுதான் உங்கள் பேட்டரியின் அகமின்தடை. துத்தநாகக் கரிம வகை 9 வோல்ட் பேட்டரிக்கு இது வியப்பான எண்ணே இல்லை. உள்ளே ஆறு சின்ன செல்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கிறது. புதிய அல்கலைன் என்றால் ஒரு சில ஓமோடு நின்றிருக்கும்.

இப்போது சுற்றைத் திருப்பி வரையுங்கள். 994 ஓமோடு இந்த 30-ஐயும் சேர்த்தால் 1024. அது 2190-க்கு இணையாக நின்றால் 698. அதோடு 467. மொத்தம் 1165 ஓம். பேட்டரியைக் கழற்றிக் கம்பி போட்டபோது, அந்த 30 ஓமையும் சேர்த்துத்தான் கழற்றிவிட்டீர்கள்! ஓம் மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் வேறு ஒரு சுற்றைக் காட்டினீர்கள், அவ்வளவுதான்.

கவனித்தீர்களா, உள்ளே 30 ஓம் கூடினாலும் வெளியே தெரிவது 14 ஓம்தான். 2190 ஓம் பக்கத்தில் நிற்பதால் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. சமானச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

மீதி எங்கே? மீட்டரில். அந்த வகை மீட்டர்கள் மின்னோட்டம் அளக்கும்போது, முழு அளவு ரீடிங்கில் தன் மேலே 200 மில்லிவோல்ட் எடுத்துக்கொள்ளும். 20 மில்லியாம்ப் ரேஞ்சில் அது 10 ஓம். ஆக நீங்கள் செய்த ஷார்ட் உண்மையில் ஷார்ட் இல்லை, 10 ஓம் லோடு. 1165-உம் 10-உம் சேர்ந்து 1175. உங்களுக்கு வந்தது 1172. கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தாலே 2 ஓம் மாறிவிடும் என்பதால் இது பொருத்தம்தான்.

திறந்த முனைக்கும் பாருங்கள். 9.32 × 2190 / 3214 = 6.35 வோல்ட். மீட்டர் காட்டியது 6.34.

காவிரிக்கரை:
மேடம்! மிக்க நன்றி. இரண்டு நாளாகச் சுற்றைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். தப்பு சுற்றில் இல்லை, நான் வரைந்த படத்தில்தான் இருந்திருக்கிறது.

நேர்கோடு:
டீச்சர் சொன்ன விளக்கம் அழகானது, சரியானதாகவும் இருக்கலாம். ஆனால் இந்த எண்களை வைத்து அதை "நிரூபித்தாயிற்று" என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது. இந்த மீட்டர்களில் மின்னோட்டத்துக்குப் பொதுவாக 1 விழுக்காடு பிழை, அதற்கு மேல் கடைசி இலக்கத்தில் இரண்டு எண் முன்பின் என்று கையேட்டிலேயே இருக்கும். 5.41-இல் அது 0.07 வரை போகும். தெவனின் மின்தடையில் அதுவே 15 ஓம். வோல்ட் பக்கத்தில் அரை விழுக்காடு. நாம் விளக்கப் பார்ப்பதோ 21 ஓம். கணக்கு பொருந்துவதாலேயே காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். திறந்த முனை வோல்ட் ஒன்று, ஷார்ட் மின்னோட்டம் ஒன்று, இரண்டையும் அளந்து வகுத்தால் தேற்றத்தைச் சோதித்ததாக நம் ரெக்கார்டு நோட்டுகளில் எழுதுகிறோம். அதில் சோதனையே இல்லை. இரண்டு புள்ளி கொடுத்தால் அவற்றின் வழியே ஒரு நேர்கோடு எப்படியும் போகும். தேற்றம் சொல்வது என்ன? அ-ஆ முனைகளில் எந்த லோடு போட்டாலும் வோல்ட்டும் மின்னோட்டமும் ஒரே நேர்கோட்டில்தான் விழும் என்கிறது. மூன்றாவது புள்ளி வந்தால்தான் அது உண்மையா என்று தெரியும். நான்காவது, ஐந்தாவது வந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு புள்ளிகள் சமானச் சுற்றைக் கட்டித் தருகின்றன. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றும்தான் அதைச் சோதிக்கிறது.

மாலதி_டீச்சர்:
இரண்டாவதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான்கூட வகுப்பில் அந்த வகுத்தலோடு நிறுத்தியிருக்கிறேன், இனி நிறுத்த மாட்டேன்.

முதலாவதில் ஒரு சின்ன மறுப்பு. 6.34-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 9.32, 6.34 இரண்டுமே ஒரே மீட்டர், ஒரே 20 வோல்ட் ரேஞ்ச். மீட்டர் அரை விழுக்காடு கூட்டிக் காட்டினால் இரண்டையும்தான் கூட்டிக் காட்டும். விகிதத்தில் அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது கடைசி இலக்கம், 0.01. நமக்குக் குறைந்ததோ 0.07 வோல்ட். பேட்டரிக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கு இந்த ஒன்றே போதும். ஷார்ட் மின்னோட்டத்தை நம்பத் தேவையே இல்லை.

நேர்கோடு:
ஆமாம், அது எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் மின்தடையையும் விகிதத்திலேயே பிடித்துவிடலாமே. பாதி மின்னழுத்த முறை.

காவிரிக்கரை, 1 கிலோ ஓமோடு ஒரு 1 கிலோ பிரிசெட்டை (திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வரிசையாகச் சேர்த்து அ-ஆ நடுவே போடுங்கள். மீட்டர் 6.34-இல் பாதியான 3.17 காட்டும் வரை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் அந்த இரண்டையும் சுற்றிலிருந்து கழற்றி ஓம் பாருங்கள். பாதி வோல்ட் வந்தால் லோடும் தெவனின் மின்தடையும் சமம். ஆம்மீட்டரே இல்லை, அதன் 10 ஓமும் இல்லை. 1151 அளந்த அதே ஓம் ரேஞ்சில் இதையும் அளப்பதால் அந்தப் பிழையும் இரண்டு பக்கமும் ஒன்றே.

கூடவே நான்கு வேறு லோடு போட்டு வோல்ட் மட்டும் குறித்து வாருங்கள். ரீடிங் எடுக்கும் முன்னேயே கணக்குப் போட்டு எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு கணக்குப் போட்டால் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

பழைய_டெக்னீசியன்:
ஒரு சேர்க்கை. ஒவ்வொரு லோடுக்கும் பிறகு அதைக் கழற்றி, திறந்த முனை வோல்ட் மறுபடியும் 6.34 வருகிறதா என்று பாருங்கள். இந்த வகை பேட்டரி வேலை செய்தால் களைக்கும், ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் மீளும். அது நகர்ந்துவிட்டால் மற்ற ரீடிங் எல்லாம் வீண்.

தென்றல்_88:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பரிசோதனை, ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்று எல்லாவற்றையும் ஆயிரம் மடங்கு பெரிதாகப் போட்டேன். 1 மெகா, 2.2 மெகா, 470 கிலோ. பேட்டரி 9.3. திறந்த முனையில் 6.39 வர வேண்டும். மீட்டர் 2.96 காட்டுகிறது! பாதிகூட இல்லை. ரெசிஸ்டர் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, இரண்டு தடவை பார்த்தேன். உங்களுடையதுபோல 2 விழுக்காடு என்றால் பொறுத்துக்கொள்வேன், இது என்ன?

பழைய_டெக்னீசியன்:
உங்கள் மீட்டரும் அந்த மஞ்சள் வகையா? அதன் வோல்ட் ரேஞ்சில் உள்ளே இருக்கும் தடை 1 மெகா ஓம். விலை கூடியவற்றில் 10 மெகா. உங்கள் சுற்றின் தெவனின் மின்தடை 1.16 மெகா. திறந்த முனை என்று நினைத்து 1 மெகா லோடைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறீர்கள். 6.39-ஐ 2.16-ஆல் வகுத்தால் 2.96. மீட்டர் தன் மேலே இருப்பதைச் சரியாகத்தான் சொல்கிறது.

இதைச் சரிசெய்ய வேறு மீட்டர் வாங்க வேண்டாம். இன்னொரு 1 மெகாவை மீட்டருக்கு வரிசையாகப் போட்டு மறுபடி பாருங்கள். வரும் எண்ணைச் சொல்லுங்கள்.

தென்றல்_88:
2.02 வந்தது.

பழைய_டெக்னீசியன்:
நல்லது. தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு. மின்தடையை மெகா ஓமில் 'த' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மீட்டர் 1 மெகா, மொத்தம் த+1. இரண்டாம் தடவை த+2. இரண்டிலும் மீட்டரின் 1 மெகா மேலே இருப்பதைத்தான் நாம் படிக்கிறோம். ஆக 2.96 × (த+1) = 2.02 × (த+2). த = 1.15 மெகா. தெவனின் மின்னழுத்தம் 2.96 × 2.15 = 6.36.

6.39-உம் 1.16-உம் எதிர்பார்த்தோம். மீட்டர் சுற்றைப் பாதிக்கிறது என்று கவலைப்பட வேண்டாம், மீட்டரையும் ஒரு லோடாக எழுதிவிட்டால் அதே தேற்றம் அந்தப் பாதிப்பையும் கழித்துக் கொடுத்துவிடுகிறது. சர்வீஸ் வேலையில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். செய்யும் ஒவ்வொரு தடவையும் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

தென்றல்_88:
நன்றி சார். மீட்டரைத் தூக்கிப் போட இருந்தேன்.

செம்புக்கம்பி:
இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "மின்னழுத்த மூலத்தை ஷார்ட் செய்க" என்று புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, பேட்டரி இருக்கும்போதே அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே கம்பி போட்டவர்களை நான் படித்த இடத்திலேயே பார்த்திருக்கிறேன். பேட்டரி சுட்டது, கம்பியின் உறை இளகியது. நல்லவேளையாகச் சின்ன பேட்டரி. லித்தியம் பேட்டரியாக இருந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

பேட்டரியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். அது இருந்த காலி இடத்தில்தான் கம்பி. காவிரிக்கரை சரியாகச் செய்திருக்கிறார்.

அதேபோல ஆம்மீட்டரைப் பேட்டரி முனைகளில் நேராக வைக்காதீர்கள். ஃபியூஸ் போகும். 10 ஆம்ப் துளையில் பல மீட்டர்களுக்கு ஃபியூஸே கிடையாது.

காவிரிக்கரை:
செய்துவிட்டேன். கணக்கை முதலில் எழுதி வைத்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் ரீடிங் எடுத்தேன்.

பாதி மின்னழுத்த முறை: 3.17 வரும்போது கழற்றி அளந்தால் 1166 ஓம். டீச்சர் சொன்னது 1165.

லோடு நான்கு. ஒவ்வொன்றுக்கும் முதல் எண் பழைய கணக்கு (பேட்டரியை மறந்தது, 6.41 வோல்ட், 1151 ஓம்). இரண்டாவது புதிய கணக்கு (6.35, 1165). மூன்றாவது மீட்டர்.

328 ஓம்: 1.42, 1.40, மீட்டரில் 1.39
676 ஓம்: 2.37, 2.33, மீட்டரில் 2.33
1490 ஓம்: 3.62, 3.56, மீட்டரில் 3.56
4.67 கிலோ: 5.14, 5.08, மீட்டரில் 5.08

திறந்த முனை ஒவ்வொரு தடவையும் 6.34-க்குத் திரும்பியது. கடைசித் தடவை மட்டும் 6.33, இரண்டு நிமிடம் விட்டதும் 6.34.

வரைபடத்தாளில் போட்டேன். நான்கு புள்ளியும், திறந்த முனையும், எல்லாம் ஒரே அளவுகோல் விளிம்பில் நின்றன. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேர்கோடு:
அருமை. கடைசி இலக்கம் வரை பொருந்துகிறது. என் முதல் சந்தேகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதி மின்னழுத்த முறையிலும் 0.01 வோல்ட் படி என்பதால் 4 ஓம் வரை ஐயம் உண்டு, ஆனாலும் 1151 எட்டாத தூரத்தில் நிற்கிறது. பேட்டரிதான்.

வடக்குவாசல்:
இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது இந்தத் தேற்றத்தின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

லியோன் சார்ல் தெவனின் பிரான்ஸ் நாட்டுத் தந்தித் துறைப் பொறியாளர். 1857-இல் பிறந்து 1926-இல் இறந்தவர். தேற்றத்தை 1883-இல் வெளியிட்டார். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1853-இல், ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதே கருத்தை எழுதிவிட்டார். தெவனினுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

என்னை ஈர்ப்பது ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குள் வந்த பாதை. அவர் பேட்டரியும் ரெசிஸ்டரும் வைத்துக்கொண்டு வரவில்லை. விலங்கின் தசையில் பிறக்கும் மின்சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தசைக்குள்ளே மின்மூலங்கள் எங்கே எப்படிப் பரவியிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியாது. கருவியின் இரண்டு முனையை மேற்பரப்பில் இரண்டு இடத்தில் தொடலாம், அவ்வளவுதான். அப்படித் தொடும்போது உள்ளே இருப்பது என்னவாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மின்னியக்கு விசையும் ஒரு மின்தடையுமாகவே தெரியும் என்று காட்டினார். காவிரிக்கரையின் பேட்டரிக்குள் ஒளிந்திருந்த 30 ஓமும் அதே மாதிரிதானே வெளியே தெரிந்தது.

மின்னோட்ட மூலமும் இணைத் தடையுமான மறுவடிவத்தை 1926-இல் இருவர் தனித்தனியே சொன்னார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எட்வர்ட் நார்ட்டன், ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர். தெவனின் இறந்ததும் அதே ஆண்டு.

செம்புக்கம்பி:
நல்ல தகவல். எனக்கு ஒரு கேள்வி. லோடு தெவனின் மின்தடைக்குச் சமமானால் அதிகபட்சத் திறன் கிடைக்கும், அப்போது பயனுறுதிறன் 50 விழுக்காடு என்று படித்தோம். ஆக காவிரிக்கரையின் சுற்றில் 1166 ஓம் போட்டபோது பேட்டரி கொடுத்ததில் பாதி லோடுக்குப் போயிருக்கிறது. சரிதானே?

மாலதி_டீச்சர்:
இல்லை. இந்த இடத்தில் பலரும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் எண்ணோடு சொல்கிறேன்.

அப்போது லோடில் 3.18 வோல்ட், 2.73 மில்லியாம்ப். திறன் 8.66 மில்லிவாட். இனி உண்மையான சுற்றுக்குள் போங்கள். நடுச் சந்திப்பில் 4.45 வோல்ட். 2190 ஓம் வழியே 2.03 மில்லியாம்ப் கீழே போகிறது. பேட்டரி கொடுப்பது 4.76 மில்லியாம்ப், 9.32 வோல்ட்டில். அது 44.3 மில்லிவாட். லோடுக்கு வந்தது அதில் 19.5 விழுக்காடு.

சமானச் சுற்றில் மட்டும் பார்த்தால் 17.3 மில்லிவாட்டில் 8.66, அதாவது பாதி. அந்த 50 விழுக்காடு படத்தில் இருக்கிற மூலத்துக்கானது. அது உங்கள் பேட்டரி அல்ல.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் லோடையே கழற்றிவிடுங்கள். சமானச் சுற்றில் மின்னோட்டமே இல்லை, வெப்பமும் இல்லை. உண்மையான சுற்றில் 2.9 மில்லியாம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, 27 மில்லிவாட் வீணாகிறது. சமானம் என்பது அ-ஆ முனைகளுக்கு வெளியே மட்டும். லோடு பெறும் திறன் இரண்டிலும் ஒன்றே, உள்ளே செலவாகும் திறன் ஒன்றல்ல.

செம்புக்கம்பி:
இத்தனை வருடமாக அந்த 50-ஐ நம்பிக்கொண்டிருந்தேன். நன்றி டீச்சர்.

காவிரிக்கரை:
மேடம், இன்னொரு சந்தேகம். லோடு இடத்தில் எல்.இ.டி. போட்டால் தேற்றம் உடைந்துவிடுமா? அது நேரியல் இல்லையே, அதில் வோல்ட்டும் மின்னோட்டமும் ஒரே விகிதத்தில் கூடாதே.

நேர்கோடு:
லோடு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அ-ஆ முனைகளுக்குப் பின்னால் இருப்பது மட்டும் நேரியலாக இருக்க வேண்டும். லோடில் சிவப்பு எல்.இ.டி. போட்டால் உங்கள் கோடும் எல்.இ.டி.யின் வளைவும் வெட்டும் இடத்தில் போய் நிற்கும். அதன் மேலே 1.85 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் (6.35 - 1.85) / 1165, அதாவது 3.86 மில்லியாம்ப்.

உடைத்துப் பார்க்க ஆசை இருந்தால் எல்.இ.டி.யை உள்ளே கொண்டுபோங்கள். 2.2 கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்.இ.டி. 470-ஐயும் 100 ஓமாக மாற்றுங்கள். அதே மூன்று அளவுகள்: திறந்த முனை, ஷார்ட், நடுவில் ஒரு லோடு.

100 ஓம் ஏன் என்றால், 470 இருந்தால் ஷார்ட் செய்தாலும் எல்.இ.டி. எரிந்துகொண்டுதான் இருக்கும், அந்த ஒரு எல்லைக்குள் சுற்று கிட்டத்தட்ட நேரியலாகவே நடந்துகொள்ளும். உடைவதைப் பார்க்க முடியாது.

காவிரிக்கரை:
செய்தேன்.

திறந்த முனை 1.93 வோல்ட். ஷார்ட் 8.21 மில்லியாம்ப், ஷார்ட் செய்த நொடி எல்.இ.டி. அணைந்துவிட்டது! வகுத்தால் 235 ஓம்.

அதை நம்பி 467 ஓம் லோடுக்குக் கணக்குப் போட்டு எழுதினேன். 1.93 × 467 / 702 = 1.28 வோல்ட்.

மீட்டரில் வந்தது 1.54. எல்.இ.டி. நன்றாக எரிகிறது.

நேற்று கடைசி இலக்கம் வரை பொருந்திய அதே முறை, இன்று 20 விழுக்காடு தள்ளி நிற்கிறது. அதே மீட்டர், அதே பேட்டரி.

நேர்கோடு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். எல்.இ.டி. எரியும்வரை அது சந்திப்பை 1.9 வோல்ட் பக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் 100 ஓமைவிடக் கொஞ்சம் கூடுதலான தடை. அது அணைந்ததும் சுற்று வேறு, பேட்டரியும் 994 ஓமும் 100 ஓமும் மட்டும். இரண்டு தனித்தனிக் கோடுகள், நடுவில் ஒரு முழங்கை மாதிரி வளைவு. உங்கள் திறந்த முனை ஒரு கோட்டிலும் ஷார்ட் மற்றொரு கோட்டிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து இழுத்த கோடு எந்தச் சுற்றுக்கும் உரியது அல்ல.

வளைவு எங்கே வருகிறது என்று பிடிக்க முடியுமா? பிரிசெட்டை லோடாக வைத்து, எல்.இ.டி. மங்கத் தொடங்கும் இடத்தைச் சுற்றிப் புள்ளிகளை நெருக்கமாக எடுங்கள். இந்தத் தடவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய எண்: லோடு எத்தனை ஓம் ஆகும்போது அணையும்?

காவிரிக்கரை:
எல்.இ.டி. 1.7 வோல்ட்டுக்குக் கீழே ஏறக்குறைய அணைந்துவிடும் என்று வைத்துக்கொண்டேன். அப்போது 1024 ஓம் வழியே 7.44 மில்லியாம்ப் வரும், அவ்வளவும் 100 ஓம் வழியாக லோடுக்குத்தான் போக வேண்டும். 1.7-ஐ 7.44 மில்லியாம்ப்பால் வகுத்தால் 228. 100 போக 128 ஓம்.

தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். 1 கிலோ பிரிசெட்டில் 128 ஓம் பக்கம் நிறுத்துவது கடினம், நாளை 200 ஓம் பிரிசெட் வாங்கி வந்து புள்ளிகளைப் போடுகிறேன்.

பழைய_டெக்னீசியன்:
புது பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் மாட்டியதும் முதல் வேலையாக அதன் அகமின்தடையைப் பாருங்கள். பழைய 30-ஐக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம்.